மாப்பிள்ளை வீட்டாருக்குக் கொடுத்த அறை

ஹோட்டல் அறைகளைப் பற்றி எனக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. பேர்லினில் இருபத்திரண்டு வருடங்களாக அடுத்தவர் படுத்தெழும்பிய கட்டில்களை உதறி விரித்து வருகிறேன். விருந்தாளி போன பிறகு அறைக்குள் நுழைந்து ஒருமுறை சுற்றிப் பார்த்தால் போதும், ஆள் எப்படிப்பட்டவர், குடித்தாரா, அழுதாரா, குளியல் துவாயைச் சுருட்டிக்கொண்டு போனாரா என்று சொல்லிவிடுவேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. தெரியாமல் செய்துவிட்டேன் என்று பிறகு நான் தப்பிக்கக் கூடாது என்பதற்காக முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

நான் வேலை செய்யும் ஹோட்டலில் நான்காம் மாடி மூலையில் ஓர் அறை இருக்கிறது. சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கான அறை. மற்ற அறைகளைவிட ஒன்றரை மடங்கு பெரிது, நாற்காலி கட்டிலைச் சுற்றி வந்து திரும்ப வேண்டும் என்பதால். குளிக்கும் இடத்தில் விளிம்பு கிடையாது, நாற்காலியோடு நேரே உள்ளே போகலாம். சுவரில் உட்கார்ந்து குளிக்க ஒரு மடக்குக் கதிரை, கழிவறைக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி, அலுமாரியில் உடுப்புக் கொழுவும் கம்பி கைக்கெட்டும் உயரத்தில். புதிதாக ஹோட்டல் கட்டுகிறவர்கள் இப்படிச் சில அறைகள் வைக்கத்தான் வேண்டும் என்று ஜெர்மனியில் சட்டம் இருக்கிறது. பழைய கட்டடக்காரரைச் சட்டம் அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை. அவர்கள் ஒன்று வைத்தால் அது அவர்களின் புண்ணியம்.

எங்கள் ஹோட்டலில் அந்த அறையைக் கடைசியாகத்தான் கொடுப்பார்கள். கேட்டு யாரும் வராவிட்டால் குழந்தை வண்டியோடு வரும் குடும்பத்துக்கோ, பெரிய அறை வேண்டும் என்று அடம்பிடிக்கும் வாடிக்கையாளருக்கோ போகும். கை கால் நன்றாக உள்ளவர்கள் எத்தனை பேர் அதில் தங்கிப் போயிருக்கிறார்கள்! மடக்குக் கதிரையில் ஷாம்பூப் போத்தல்களை அடுக்கி வைத்திருப்பார்கள், கைப்பிடியில் உள்ளாடை காயும். நான் அதையெல்லாம் எடுத்து மடித்து வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போவேன். யாருடைய இடத்தில் யார் படுத்தார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

என் அக்கா சக்கர நாற்காலியில் இருக்கிறார். அப்படியிருந்தும் யோசித்ததில்லை.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவர். மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து வலக்கால் சூம்பிப் போனது. ஊன்றுகோலோடு பள்ளிக்கூடம் போனார், ஊன்றுகோலோடு ஜெர்மனிக்கு அகதியாக வந்தார், எங்கள் எல்லோரையும்விட நல்ல ஜெர்மன் படித்து, கார்ல்ஸ்ரூஹே நகரத்தில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலையும் எடுத்தார். ஐம்பது வயது தாண்டியதும் நன்றாக இருந்த காலும் தளரத் தொடங்கியது. அந்த நோய் சிலருக்கு வயதான பிறகு இப்படித் திரும்பி வந்து மிச்சத்தையும் கேட்குமாம். அன்றிலிருந்து சக்கர நாற்காலி. பிடிக்க ஏதாவது இருந்தால் ஒரு நிமிடம் எழுந்து நிற்பார். அந்த ஒரு நிமிடத்தை வைத்துக்கொண்டுதான் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும், கட்டிலிலிருந்து கழிவறைக்கும் மாறி, தானே சமைத்து, தானே குளித்து, யாரையும் கூப்பிடாமல் வாழ்ந்தார். கலியாணம் கட்டவில்லை. அதைப் பற்றி யாராவது இரக்கப்பட்டுப் பேச வந்தால் வாயடைத்து அனுப்பிவிடுவார்.

என் ஒரே மகள் படிக்கப் போன இடமும் கார்ல்ஸ்ரூஹேதான். நான்கு வருடம் அக்கா வீட்டில் இருந்தாள். அந்த நான்கு வருடத்தில் அவள் எனக்குச் சொல்லாதது எல்லாம் அக்காவுக்குத் தெரியும். மாப்பிள்ளைப் பையனைப் பற்றி முதலில் அறிந்தவரும் அக்காதான். எனக்கு எட்டு மாதம் கழித்துத்தான் செய்தி வந்தது. பொறாமைப்பட்டேன், மறைக்கவில்லை.

கலியாணம் பேர்லினில் என்று முடிவானதும் அக்கா போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"தாலி கட்டேக்கை நான் முன்னுக்கு இருக்கவேணும். பின்னுக்குச் சுவரோடை கொண்டுபோய் விட்டிடாதேங்கோ. கெட்டிமேளம் எண்டவுடனை எல்லாரும் எழும்பி நிப்பினம். பிறகு எனக்கு ஆக்களின்ர முதுகுதான் தெரியும். எத்தினை கலியாணத்தில நான் முதுகு பாத்திட்டு வந்தனான் தெரியுமே? இவளின்ர தாலியை எண்டாலும் பாக்கவேணும்."

இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அக்கா எதையும் இலேசில் கேட்கிற ஆள் இல்லை.

மகள் அதைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டாள். நொய்கெல்ன் பகுதியில் கலியாண மண்டபத்துக்குக் கிட்டவுள்ள ஹோட்டல்களுக்கெல்லாம் போன் பண்ணினாள். ஒருவர் "எங்களிடம் லிப்ட் இருக்கிறது" என்றாராம், லிப்டுக்குப் போகவே நான்கு படி ஏற வேண்டும் என்பதை இவள் கேட்ட பிறகுதான் சொன்னாராம். இன்னொருவர் "இரண்டே இரண்டு படிதான், நாங்கள் தூக்கிவிடுவோம்" என்றாராம். அக்காவைத் தூக்குவதற்கு அவர்கள் யார்? கடைசியில் ஒரு பழைய ஹோட்டலில், கீழ்த்தளத்தில், அப்படி ஓர் அறை அகப்பட்டது. மகள் விடவில்லை. குளியலறைக் கதவை அளவு நாடாவால் அளந்து சொல்லுங்கள் என்று கேட்டு, அவர்கள் அளந்து சொன்ன பிறகுதான் சரி என்றாள். அந்த ஓர் அறைக்காகவே அந்த ஹோட்டலைப் பிடித்தோம். அங்கேயே மியூனிக்கிலிருந்து வரும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் ஏழு அறைகள் எடுத்தோம். எல்லாம் என் பெயரில். விருந்தாளிகளை வரவேற்று அறை காட்ட வேண்டியவள் நான்தானே.

"அம்மா, நூற்றி நாலாம் அறை பெரியம்மாவுக்கு. மறக்கக் கூடாது" என்று மகள் மூன்று முறை சொன்னாள். மூன்றாம் முறை எனக்குக் கோபம் வந்தது. "ஹோட்டலைப் பற்றி எனக்கு நீ சொல்லித் தாறியோ?" என்றேன்.

கலியாணத்துக்கு முதல்நாள் வெள்ளிக்கிழமை. கலியாணப் பொம்பிளை அன்று வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது என்பதால் மகள் வீட்டில் இருந்தாள். நான் காலையிலேயே ஹோட்டலுக்குப் போய், ஒவ்வொரு அறையிலும் தண்ணீர்ப் போத்தலும் ஒரு தட்டுப் பலகாரமும் வைத்தேன். மாப்பிள்ளை வீட்டார் பன்னிரண்டு மணியளவில் வந்து இறங்கினார்கள். சிரித்துச் சிரித்து அறை அட்டைகளைக் கொடுத்தேன். நிச்சயார்த்தத்தில் கோப்பி ஆறிப்போய் வந்தது என்று ஒரு கதை மியூனிக் வரை போய்த் திரும்பி வந்திருந்தது. அதற்குப் பிறகு மாப்பிள்ளையின் தாய்க்கு முன்னால் ஒரு தட்டை வைக்கவே எனக்குப் பயம்.

சம்பந்தி அம்மாவுக்கு மூன்றாம் மாடியில் அறை. பின்பக்கம், குப்பைத் தொட்டிகளைப் பார்த்தபடி. கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் பெட்டியைத் திறந்து வைக்க இடமில்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதில் அவர் கெட்டிக்காரர். கொஞ்ச நேரத்தில் கீழே இறங்கி வந்தார். அப்போது நான் நூற்றி நான்கில் அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில் பலகாரத் தட்டை வைத்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்திருந்தது.

"அப்பாடா, இது நல்ல விசாலமாக் கிடக்கு" என்று வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். "இது ஆருக்கு?"

என் அக்காவுக்கு என்று சொல்ல இரண்டு சொல் போதும். நான் சொன்னது இது:

"உங்களுக்குத்தான். மேலை பிழையா விட்டிட்டினம். நானே வந்து மாத்தித் தரலாமெண்டு இருந்தனான்."

யாரும் கேட்கவில்லை. யாரும் வற்புறுத்தவில்லை. அந்தப் பெண் வெறுமனே யாருக்கு என்று கேட்டார், அவ்வளவுதான். பெரிய அறை மாப்பிள்ளையின் தாய்க்கு, சின்ன அறை நம் ஆட்களுக்கு. இது எங்கள் சனத்துக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை, கோப்பி கொடுக்கும்போது கூட அந்த வரிசையில்தான் கை போகும். என் வாய் அந்த வரிசைப்படி தானாகவே பேசிவிட்டது. அக்கா நம்மாள். அக்கா சமாளிப்பார். அக்கா எதைத்தான் சமாளிக்கவில்லை?

வரவேற்பு மேசையில் ஓர் இளம் பெண் இருந்தாள். மாற்றித் தரும்படி ஜெர்மனில் கேட்டேன். அவள் திரையைப் பார்த்துவிட்டு, "இந்த அறை சக்கர நாற்காலியில் வரும் ஒருவருக்காகப் பதிவாகியிருக்கிறதே, நிச்சயமாகத்தான் சொல்கிறீர்களா?" என்றாள். நானும் ஹோட்டல்காரிதான், அந்தக் கேள்வியை அவள் கேட்கத்தான் வேண்டும் என்று எனக்குத் தெரியும். "நிச்சயமாகத்தான். அவர் கொஞ்சம் நிற்பார், நடப்பார்" என்றேன். அக்கா நடந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

இரண்டரைக்கு அக்கா வந்தார். ரயிலில் ஏற இறங்க சரிவுப் பலகை வைக்கச் சொல்லி முன்கூட்டியே பதிந்து, ஆறு மணி நேரம் பயணம் செய்து, முகத்தில் களைப்பே இல்லாமல் வந்தார். மடியில் மகளுக்கு வாங்கிய பரிசுப் பெட்டி. புதிதாகத் தலைமயிர் வெட்டியிருந்தார்.

"நூத்தி நாலுதானே? திறப்பைத் தா. முதல்ல பாத்ரூமுக்குப் போகவேணும்" என்றார்.

"அக்கா, ஹோட்டல்காரர் பிழை விட்டிட்டினம். அந்த அறையை வேறை ஆருக்கோ குடுத்திட்டினம். மேலை ஒண்டு தந்திருக்கினம்."

நான் எதிர்பார்த்தது ஒரு பெருமூச்சு. ஆனால் அக்காவின் முதுகு நிமிர்ந்தது. இப்படியான பிழைகளோடு சண்டை போட்டே வாழ்ந்த ஆள் அவர். நாற்காலியைத் திருப்பி நேரே வரவேற்பு மேசைக்குப் போனார். மேசை உயரம். அக்காவின் கண்களும் நெற்றியும் மட்டும்தான் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கும். அங்கிருந்தபடியே, சத்தம் போடாமல், ஆனால் ஒவ்வொரு சொல்லையும் அழுத்தி, பதிவு செய்து உறுதிப்படுத்திய ஓர் அறையை இப்படித் தூக்கி வேறு ஆளுக்குக் கொடுக்கும் தைரியம் உங்களுக்கு எப்படி வந்தது என்று கேட்டார்.

அந்தப் பெண் அக்காவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். மேசை மேல் ஒரு கிண்ணத்தில் அப்பிள்கள் இருந்தன. நான் அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"உங்கள் குடும்பத்தினர்தான் மாற்றச் சொன்னார்கள்" என்றாள் மெதுவாக. "அங்கே இருப்பவர்களோடு நான் பேசட்டுமா? இப்போதே திருப்பி மாற்றிவிடலாம்."

அக்கா மடியிலிருந்த பரிசுப் பெட்டியை நேராக்கி வைத்தார். பிறகு அந்தப் பெண்ணிடம், "வேண்டாம். நன்றி. உங்களிடம் கடுமையாகப் பேசியதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றார். நாற்காலியைத் திருப்பினார். என்னைக் கேட்டது ஒன்றுதான்:

"எத்தினையாம் மாடி?"

லிப்டுக்குள் நான் அழத் தொடங்கிவிட்டேன். சம்பந்தியிடம் போய்க் கேட்கிறேன், இப்போதே கேட்கிறேன் என்றேன்.

"கேளாதை" என்றார் அக்கா. "அவை பெட்டி எல்லாம் விரிச்சிருப்பினம். என்னைப் பாத்துப்போட்டு, ஐயோ பாவம் எண்டு எழும்பி எனக்கு இடம் விடுவினம். அதை நான் பாத்துக்கொண்டிருக்க ஏலாது. கலியாணத்துக்கு வந்தனான், இரக்கம் வாங்க வரேல்லை."

மூன்றாம் மாடி அறையின் குளியலறைக்கு ஒரு படி ஏற வேண்டும். கதவு ஒடுக்கம். அக்கா நாற்காலியை நேரே விட்டுப் பார்த்தார், சக்கரம் கதவு நிலையில் இடித்தது. கொஞ்சம் சரித்து விட்டுப் பார்த்தார், திரும்பவும் இடித்தது. உள்ளே பிடிக்க ஒன்றுமில்லை, துவாய் கொழுவும் மெல்லிய கம்பி ஒன்றைத் தவிர. ஹோட்டலின் பொதுக் கழிவறை நிலக்கீழ்த் தளத்தில், படி இறங்கிப் போக வேண்டும். நான் அக்காவை இடுப்பில் கட்டிப் பிடித்து, பக்கவாட்டில் இழுத்து, எப்படியோ உள்ளே கொண்டுபோனேன். கட்டில் மெத்தைகளைத் தூக்கித் தூக்கி என் முதுகு என்றோ போய்விட்டது. இருவருக்கும் மூச்சு வாங்கியது. என் தோளைப் பிடித்துக்கொண்டு அக்கா சொன்னார்:

"மன்னிச்சுக்கொள்ளடி. பாரமாத்தான் கிடக்கிறன்."

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குச் சுவரில் முட்ட வேண்டும் போல் இருக்கிறது.

மாலை ஏழு மணிக்கு இன்னொரு முறை வந்து உதவினேன். மணவறையை அலங்கரிக்கும் சோடனைக்காரர் கீழே காரில் காத்திருந்தார், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போன் அடித்தது. அக்கா தண்ணீர்ப் போத்தலை மேசையின் தூர மூலையில் தள்ளி வைத்திருந்ததைக் கண்டேன். பலகாரத் தட்டு அப்படியே இருந்தது. குடிக்காமல், சாப்பிடாமல் விட்டால் கழிவறைக்குப் போகத் தேவையில்லை. அது எனக்கு விளங்கியது. விளங்கியும், "கொஞ்சமெண்டாலும் சாப்பிடுங்கோ" என்று வாயால் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

"நீ இனிக் காலமை வந்தால் போதும்" என்றார். "பூ மாலை கொண்டுவா. என்ர சீலை பச்சை, அதுக்கு வெள்ளைப் பூ நல்லாயிருக்கும்."

காலை ஏழு மணிக்கு மல்லிகைச் சரத்தோடு போய்க் கதவைத் தட்டினேன். பதில் இல்லை. என்னிடம் இருந்த அந்த அறையின் இரண்டாவது அட்டையால் திறந்தேன். அக்கா தரையில் கிடந்தார். இடுப்புக்கு மேலே குளியலறைக்குள், கால்கள் வெளியே, அந்தப் படி முதுகுக்குக் கீழே. நாற்காலி பின்னால் உருண்டு போய் ஜன்னலோரம் நின்றது. போன் கட்டிலில்.

"எப்ப விழுந்தனீங்கள்?"

"வெளிச்சம் வரேக்கை."

அது ஜூன் மாதம். பேர்லினில் ஐந்து மணிக்கு முன்பே வெளிச்சம் வந்துவிடும்.

"ஏன் கூப்பிடேல்லை? கத்தியிருக்கலாமே, பக்கத்தில ஆக்கள் இருக்கினமே!"

"பக்கத்தில ஆர் இருக்கினம்? மாப்பிள்ளையின்ர ஆக்கள். கத்தினால் எல்லாரும் ஓடி வந்து பாப்பினம். நான் கிடக்கிற கோலத்தைப் பார்."

இரவு உடுப்பு நனைந்து கிடந்தது. முன்பின் தெரியாத ஆட்கள் விட்டுப்போன என்னென்னவோ அசிங்கங்களையெல்லாம் இந்தக் கைகளால் துடைத்திருக்கிறேன், முகம் சுளித்ததில்லை. அன்று என் அக்காவைத் துடைக்கும்போது நீர் நிரம்பிய பாத்திரத்தை இரண்டு முறை தட்டிக் கொட்டினேன். கட்டிலில் ஏற்றினேன். அங்கிருந்து நாற்காலிக்கு மாற்றப் பார்த்தபோது அக்காவின் முகம் வெளுத்துப் போனது. இடுப்பு வீங்கியிருந்தது. அம்புலன்ஸைக் கூப்பிடப் போனேன். என் கையிலிருந்த போனைத் தட்டிவிட்டார்.

"கலியாண வீட்டுக்காரர் நிக்கிற வாசல்லை அம்புலன்ஸ் வந்து நிக்கக் கூடாது. பின்னேரம் பாப்பம்."

"நீங்கள் இல்லாமல் எப்பிடி அக்கா தாலி கட்டுறது?"

"முகூர்த்தம் எனக்காக நிக்காது. கன்னிகாதானத்துக்குத் தாய் நிக்கவேணும். போ."

நோவுக்கு மாத்திரை இரண்டு கொடுத்துவிட்டுப் போனேன். போனேன் என்று எழுதிவிட்டேன், ஒரு சொல்தான். அந்த அறைக் கதவைச் சாத்திவிட்டு லிப்ட் வரை நடந்த தூரத்தில் நான் திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை.

மண்டபத்தில் முன் வரிசையில், மணவறைக்கு நேரெதிரே, மகள் சொன்னபடி ஒரு கதிரையளவு இடத்தை வெறுமையாக விட்டிருந்தார்கள். யாரோ மறந்துபோய் விட்ட இடம் என்று நினைத்து, மாப்பிள்ளை வழியில் ஒரு பெரியவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் தடுக்கவில்லை. மணவறையிலிருந்து மகள் அந்த இடத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். வருகிறார், வருகிறார் என்று கையால் காட்டினேன். கெட்டிமேளம் கொட்டியது. எல்லோரும் எழுந்து நின்று அட்சதையாக அறுகரிசி போட்டார்கள். என் மகளின் கழுத்தில் தாலி ஏறியதை நான் பார்த்தேன். பார்த்த மாதிரியே எனக்கு இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் சம்பந்தி அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நல்ல மனநிலையில்தான் இருந்தார்.

"ஒண்டு சொல்லுறன், குறை நினையாதேங்கோ. அந்த அறை எங்களுக்குச் சரிவரேல்லை. குளிக்கிற இடத்தில சுவர் முழுக்கக் கம்பி, தண்ணி எல்லாம் வெளியில வருது. ஆஸ்பத்திரியில படுத்த மாதிரிக் கிடந்தது. நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில நோய் வருத்தக்காரரின்ர அறையைத் தந்திருக்கினமே எண்டு இவரும் சொன்னார். பரவாயில்லை, நீங்கள் ஆசையாத் தந்தது எண்டு நாங்கள் ஒண்டும் கதைக்கேல்லை."

அவர்களுக்கு அந்த அறை வேண்டவே வேண்டாம். மூன்றாம் மாடிக் குப்பைத் தொட்டி அறையே அவர்களுக்குப் போதுமானதாக இருந்திருக்கும். நான் என் அக்காவின் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுச் செய்த மரியாதை, மரியாதைக் குறைவாகப் போய் முடிந்திருந்தது.

சாப்பாடு முடிந்ததும் மகள் ஒருவர் சொல்லும் கேட்கவில்லை. கூறைச் சேலையும் மாலையுமாக, மாப்பிள்ளையையும் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு ஹோட்டலுக்கு வந்தாள். நான் அறுகரிசித் தட்டோடு பின்னால் ஓடினேன். அக்கா கட்டிலில் தலையணைகளில் சாய்ந்திருந்தார். தானே எப்படியோ பச்சைப் பட்டுச் சேலையை மார்புக்குக் குறுக்கே போட்டுக்கொண்டு, இடுப்புக்குக் கீழே போர்வையால் மூடியிருந்தார். பொட்டு வைத்திருந்தார். வலியில் உதடு காய்ந்து கிடந்தது.

மகள் வாசலிலேயே நின்றுவிட்டாள். குளியலறைப் படியைப் பார்த்தாள். நிலைமரத்தில் நாற்காலி இடித்த புதுக் கீறல்களைப் பார்த்தாள்.

"இது நூற்றி நாலு இல்லையே! ஆர் பெரியம்மாவை இஞ்சை கொண்டுவந்து போட்டது?"

நான் சொல்லியிருப்பேன். சொல்ல வாயைத் திறந்தேன் என்றுதான் இன்றும் நம்பிக்கொண்டிருக்கிறேன். அதற்கு முன் அக்கா பேசிவிட்டார்.

"ஹோட்டல்காரர் பிழை விட்டிட்டினம், பிள்ளை. விடு. நல்ல நாளில சண்டை வேண்டாம். ரெண்டு பேரும் கிட்ட வாங்கோ."

என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. தட்டை நீட்டினேன். அறுகரிசியை அள்ளி இருவர் தலையிலும் போட்டார். தாலிக் கொடியைக் கையில் எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, வெகுநேரம் பார்த்தார். "வடிவாயிருக்கு" என்றார்.

அன்று மாலையே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இடுப்பெலும்பில் உடைவு. சத்திர சிகிச்சை, பிறகு மூன்று மாதப் பயிற்சி. அக்காவால் இனி எழுந்து நிற்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஒரு நிமிடமும் போய்விட்டது. இப்போது காலையும் மாலையும் ஒரு பராமரிப்பாளர் வந்துதான் அவரைத் தூக்கி எடுக்கிறார், கழுவுகிறார். அந்தப் பெண் வரும் நேரம்தான் அக்காவுக்கு விடியும் நேரம். வேலையை விட்டுவிட்டார். பயணம் எங்கும் இல்லை.

ஒருநாள் போனில் அக்காவிடம், மகளுக்கு உண்மையைச் சொல்லப் போகிறேன் என்றேன்.

"சொல்லி? அவளுக்குத் தாயும் இல்லாமப் போகும், எனக்குக் காலும் வராது. சும்மா இரு."

சும்மா இருந்தேன். எனக்கு அது வசதியாகவும் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

மகள் சும்மா இருக்கவில்லை. ஹோட்டலுக்குப் பெரிய கடிதம் எழுதினாள், இணையத்திலும் எழுதினாள். வரவேற்பில் இருந்த பெண்ணைப் பற்றியும் எழுதினாள். ஹோட்டலிலிருந்து மரியாதையாகப் பதில் வந்தது: நடந்ததற்கு மிகவும் வருந்துகிறோம், அறை தயாராகவே இருந்தது, பதிவு செய்தவர் கேட்டுக்கொண்டபடியே மாற்றிக் கொடுத்தோம். மகள் அதை எனக்கு வாசித்துக் காட்டினாள். "பாருங்கோ அம்மா, என்னண்டு பொய் சொல்லுறாங்கள்!" என்று கடிதத்தைக் கசக்கி எறிந்தாள். அந்த இளம் பெண் இப்போதும் அங்கே வேலையில் இருக்கிறாளா என்று எனக்குத் தெரியாது. போய்ப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

மகள் இந்தக் கதையை எல்லோருக்கும் சொல்கிறாள். போன தைப்பொங்கலுக்கு எல்லோரும் கூடியிருந்தபோதும் சொன்னாள். நூற்றி நான்கு என்று அவள் சொன்னதும் சம்பந்தி அம்மா தட்டிலிருந்து தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மறுபடி தலை குனிந்து பொங்கலைச் சாப்பிட்டார். இப்போது அவரும் எங்களோடு சேர்ந்துகொண்டார். தெரிந்தும் பேசாமல் இருப்பவர்கள் மூன்று பேர், தெரிய வேண்டியவள் என் மகள் ஒருத்திதான்.

இதைக் கடைசியில் எழுதிவிடலாம் என்று துணிந்தது இந்தக் குளிர்காலத்தில்தான். வேலை முடிந்து வந்து குசினியில், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாக எழுதினேன். ஒன்றையும் மறைக்கவில்லை. மகள் எங்களோடு நன்றாகத் தமிழ் பேசுவாள், வாசிக்க வராது. அவள் சிறு பிள்ளையாக இருந்தபோது தமிழ்ப் பள்ளிக்கூடம் சனிக்கிழமைகளில் நடந்தது, சனிக்கிழமைகளில் எனக்கு வேலை, கொண்டுபோய் விட ஆளில்லாமல் போயிற்று. ஜெர்மனிலும் எனக்கு எழுதத் தெரியும். பிழைகள் இருக்கும், ஆனால் அவளுக்கு விளங்கும். நான் தமிழில் எழுதியிருக்கிறேன்.